கண்ணாடி கிழித்ததாகச் சொன்ன காயம்

கண்ணாடிக்காரர் கையில் காயம் இல்லாத நாளை அவர் மனைவி பார்த்ததே கிடையாது. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு கீறலுக்கும் பதறியடித்துக்கொண்டு பஞ்சும் மருந்துமாக ஓடிவருவாள். "டீச்சர், இப்படி ஓடிவந்தா உன் காலுதான் தேயும். கண்ணாடிக்கு என்மேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்று சிரிப்பார். தெருக்கோடியில் இருந்த மழலையர் பள்ளியில் அவள் வேலை பார்த்தாள். தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதால் அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். வருஷங்கள் போகப்போக அந்தக் கீறல்கள் அவள் கண்ணிலேயே படாமல் போயின. சுவரில் இருக்கும் விரிசல் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் போவதைப் போல.

வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. கம்பளித் துணி விரித்த பெரிய மேஜை, சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகைகள், எப்போதும் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசனை. பின்னால் சமையலறையும் படுக்கையறையும். மாடியில் அவருடைய அண்ணன் தனியாக இருந்தார். சரக்குக் கிடங்கில் காலமெல்லாம் மேற்பார்வை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு மேற்பார்வை பார்க்க இந்த வீடுதான் அவருக்குக் கிடைத்தது. படியில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூடக் கீழே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவார். மற்றபடி தம்பி என்றால் உயிர்.

நாய் வந்தது டீச்சரால். பள்ளிக்கூட வாசலில் மழையில் நடுங்கிக்கொண்டு நின்றது, ஒரு கண்ணில் பூ விழுந்த கிழட்டு நாய். பின்னாலேயே வந்து பட்டறை மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கச் சொன்னால் வாலை மட்டும் ஆட்டும். சோம்பேறி என்று அவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. "டேய் சோம்பேறி" என்று டீச்சர் கூப்பிட்டால், "யாரு, நானா அவனா?" என்று மேஜையிலிருந்து அவர் குரல் வரும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த நாய் ஒரு பேச்சுத்துணை. கடைக்கு வருபவர்கள்கூட அதைத் தாண்டிக் கால் வைத்துத்தான் உள்ளே வருவார்கள்.

அண்ணனுக்கு மட்டும் ஆகாது. "தெருநாயைக் கொண்டாந்து கண்ணாடிக்கு நடுவுல படுக்க வச்சிருக்கீங்க. ஒருநாள் யாரையாவது கடிக்கட்டும், அன்னைக்கே கிளப்பிடுவேன்" என்பார். சொன்னால் செய்கிற மனிதர். அதனால்தான் டீச்சர் நாய்க்கு வருஷம் தவறாமல் ஊசி போட்டு, அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் மாடியில் காட்டிவிட்டு வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். நாய்க்குக் காதில் புண். கால்நடை மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை விட வேண்டும்.

"ஏங்க, தலையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்களேன். என்கிட்ட திமிறுறான்."

கண்ணாடிக்காரர் தரையில் மண்டிபோட்டு அதன் தலையை மடியில் இடுக்கிக்கொண்டார். மருந்து புண்ணில் பட்டதும் நாய் உதறிக்கொண்டு தலையைத் திருப்பியது. ஒரே கணம்தான். அவர் இடது கையில் ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் பல் இறங்கிவிட்டது. நாய் உடனே பிடியை விட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

"அய்யய்யோ!"

"சத்தம் போடாதே. மேல கேட்கும்."

சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவினாள். இரண்டு புள்ளி, அதை ஒட்டி ஒரு சின்னக் கிழிசல். ரத்தம் கொஞ்சம்தான்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடலாங்க."

"அவனுக்குத்தான் ஊசி போட்டிருக்கே. எனக்கு வேற எதுக்கு? இதைவிடப் பெரிய காயத்தோட நான் கண்ணாடி தூக்கியிருக்கேன்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மாடிப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அண்ணன் காதுக்கு மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா சோம்பேறிக்கு வீடு கிடையாது."

அவள் தலையாட்டினாள். மனதுக்குள் நன்றிகூடச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அவர் வழக்கம்போல வேலை செய்தார். அதற்கடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்தவள் பட்டறையில் வேலைச் சத்தம் இல்லாததைக் கவனித்தாள். மேஜையில் ஒரு பலகை கோடு போட்டபடி உடைக்கப்படாமல் கிடந்தது. அவர் படுக்கையில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கட்டில் ஆடும்படி நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"குளிருது. கண்ணாடியில கோடு போடறேன், கை தானா ஆடுது. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

இரண்டு முறை வாந்தி எடுத்தார். அண்ணன் இறங்கி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துவிட்டார். தெரு முனைக் கிளினிக்கில் கூட்டம். எங்கு பார்த்தாலும் இருமலும் காய்ச்சலும்தான். டாக்டர் நல்லவர், பொறுமையாகவே பார்த்தார்.

"சுகர், பிரஷர் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"கையில என்ன காயம்?"

கண்ணாடிக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை. டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"கண்ணாடி கிழிச்சது டாக்டர். நம்ம தொழில்ல சகஜம்."

காயமும் பெரிதாக வீங்கவில்லை, சீழும் இல்லை. அந்தக் கையில் அதுபோலப் பத்துக் கீறல்கள் இருந்தன. டாக்டர் நம்பினார். டீச்சர் தரையில் இருந்த கறுப்பு வெள்ளைச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் வரைக்கும் வந்தது. நாய் கடித்ததற்கும் குளிர்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. ஊரெல்லாம் காய்ச்சல், இவருக்கும் காய்ச்சல். தனியாக அகப்படும்போது டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொன்னார்.

காலையில் விடிந்ததும் முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவள் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவர் மூக்கும் கன்னமும் நாவல் பழத்தைக் கசக்கித் தேய்த்ததுபோல் ஊதாவாகப் படர்ந்திருந்தன. கழுத்திலும் கால்களிலும் பொட்டுப் பொட்டாகக் கருஞ்சிவப்பு. விரல் நுனிகள் பனிக்கட்டிபோல் இருந்தன.

"ஏங்க! இங்க பாருங்க!"

அவர் கண்ணைத் திறந்து அவளை யாரோபோலப் பார்த்தார். "அந்த ஆறடிப் பலகையைச் சாய்ச்சு வை. விழுந்துடப் போகுது" என்றார்.

மாடிப்படியில் நின்று கணவரின் அண்ணனை, "மாமா!" என்று அவள் கத்திய சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டரம்மா வெளியே வந்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

"ரத்தத்துல கிருமி பரவியிருக்கு. பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. மருந்து ஆரம்பிச்சுட்டோம், ஆனா எங்கிருந்து வந்துதுன்னு தெரியணும். வயித்துல நீளமா ஒரு தழும்பு இருக்கே, அது என்ன ஆபரேஷன்?"

டீச்சருக்கு அந்தத் தழும்பு தெரியும். "இதுல ஒரு ஜிப் வச்சுக் குடுங்கன்னு கேட்டேன், டாக்டர் மறந்துட்டார்" என்று அவர் அதைப் பற்றிச் சொல்வார். வாலிபத்தில் ஒரு கட்டடத்துக்கு ஜன்னல் பொருத்தும்போது சாரத்திலிருந்து விழுந்தார், உள்ளே ஏதோ உபயோகமில்லாத உறுப்பை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"என்ன எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது."

"மண்ணீரல்." பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றார். "நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "மண்ணீரலே இல்லையா? அப்புறம் தடுப்பூசி எல்லாம் போட்டாரா? காய்ச்சல் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஏதோ ஊசி சொன்னாங்க. மறுபடி வரச் சொன்னாங்க. எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் வேலைக்கு ஓடிட்டான். நல்லாத்தானே இருக்கான்னு நானும்..."

"சமீபத்துல நாய், பூனை ஏதாவது கடிச்சுதா? பிராண்டுச்சா? புண்ணுல நக்குச்சா?"

நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு வழிவிட்டு டீச்சர் சுவரோரம் நகர்ந்தாள்.

"கடிச்சுது," என்றாள். "ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டு நாய். இடது கையில."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் பதில் பார்வை பார்க்கவில்லை. டாக்டரம்மா அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெகு நேரம் கழித்து வந்து விளக்கிச் சொன்னாள். நாயின் வாயில் சாதாரணமாக வாழ்கிற ஒரு கிருமி. நாய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. மனிதர்களைக் கடித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ரத்தத்துக்குள் நுழைகிற இந்த மாதிரிக் கிருமிகளைப் பிடித்து அழிக்கிற உறுப்பு மண்ணீரல்தான். அது இல்லாதவர்களுக்கு, ஒரு கடி போதும். காயம் ஆறிக்கொண்டிருக்கும், உள்ளே ரத்தம் கெட்டுக்கொண்டிருக்கும். ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது மெதுவாக வளர்கிற கிருமி, முடிவு வர நாளாகும். அதற்காகக் காத்திருக்காமல் அதற்குரிய மருந்தையே நரம்பில் செலுத்துகிறார்கள்.

"நேத்தே சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் டீச்சர்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்கிற பழக்கமில்லாதவள் என்று அந்த யோசனையிலேயே தெரிந்தது.

"நாய் கடிச்சுதுன்னு மட்டும் சொல்லியிருந்தா, கிளினிக்ல காயத்துக்கு மாத்திரை குடுத்திருப்பாங்க. மண்ணீரல் இல்லன்னு சொல்லியிருந்தா, நேத்தே இங்க அனுப்பியிருப்பாங்க. ரெண்டும் தெரிஞ்சிருந்தா நிச்சயமா அனுப்பியிருப்பாங்க. ஆனா நேத்து வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அன்று பிற்பகல் அண்ணன் வீட்டுக்குப் போய் மாற்றுத் துணி எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்ததும் பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே கண்ணாடிக்காரர் வாயில் குழாயோடு கிடந்தார். இயந்திரம் அவருக்காக மூச்சுவிட்டது. சிறுநீரகமும் நின்றுவிட்டதால் ரத்தத்தைச் சுத்தம் செய்ய இன்னொரு இயந்திரம். ஒரு நர்ஸ் கை விரல்களைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவை ஈயம்போல் நீலமாக இருந்தன.

மறுநாள் டாக்டரம்மா கேட்டாள். "நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்குல்ல? இருந்தாலும் கொஞ்ச நாள் கண்ணெதிர்ல வச்சுக் கவனிக்கணும். நல்லா சாப்பிட்டு நடமாடிட்டு இருந்தா அந்தக் கவலையை விட்டுடலாம். எப்படி இருக்கு?"

"எதிர்வீட்டுல சாப்பாடு வைக்கச் சொல்லியிருக்கேன் டாக்டர். கேட்டுச் சொல்றேன்."

"கேட்க வேணாம்," என்றார் அண்ணன். தலை குனிந்தே இருந்தது. "அது வீட்டுல இல்ல. நேத்தே வண்டியில ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டேன்."

"எங்க மாமா?"

"ஊருக்கு வெளியில. பழைய கல் குவாரிக்குப் போற பாதையில."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒற்றைக் கண்ணும் புண் பிடித்த காதுமாக அந்தக் கிழட்டு நாய் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. வாலை ஆட்டியிருக்கும். வண்டியில் ஏறச் சொன்னதே இல்லாத மனிதர் ஏறச் சொன்னாரே என்று சந்தோஷமாகக்கூட ஏறியிருக்கும்.

"போய்த் தேடுங்க மாமா," என்றாள். "அவருக்காகத் தேடுங்க. டாக்டருக்கு அதைப் பார்க்கணுமாம்."

அண்ணன் ஓடினார். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் குவாரிப் பாதை, கல்லுடைக்கிற இடம், லாரிகள் நிற்கிற மைதானம் என்று எல்லா இடத்திலும் அலைந்தார். அந்த வயதில் முள்ளுக்குள் இறங்கி, வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூப்பிடாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சோம்பேறி, சோம்பேறின்னு கத்தறேன்," என்றார் அவளிடம், "லாரிக்காரனுங்க எல்லாம் தங்களைத்தான் சொல்றேன்னு சண்டைக்கு வர்றாங்க." வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். அவர் பேண்ட் முழுக்க முள் கீறியிருந்தது. நாய் கிடைக்கவில்லை. டாக்டர்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. நினைவில்லாமல் கிடந்தவருக்கு வெறிநாய்க்கடி ஊசிகளையும் முறைப்படி போட்டார்கள்.

வளர்ப்புச் சோதனையின் முடிவும் வந்தது. அதே கிருமிதான். அதற்குள் ரத்த அழுத்தம் நிலைப்பட்டிருந்தது, சிறுநீரகம் மெல்ல வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பிழைத்துவிடுவார் என்றார்கள். அதைச் சொல்லும்போதே டாக்டரம்மாவின் கண் அவர் கைகளுக்குப் போனது.

"உயிரைக் காப்பாத்த உடம்பு ரத்தத்தையெல்லாம் நடுவுக்கு இழுத்துக்கிச்சு. நுனியில எல்லாம் சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சு. விரல்கள்ல ஒரு பகுதி போயிடும்மா. கால் விரலும்தான். இப்பவே வெட்ட மாட்டோம். எது பிழைக்கும், எது பிழைக்காதுன்னு உடம்பே கோடு போட்டுக் காட்டும். அதுவரைக்கும் பொறுக்கணும்."

வாரக் கணக்கில் பொறுத்தார்கள். நீலம் கறுப்பானது, கறுப்பு காய்ந்து சுருங்கியது. குழாயை எடுத்து, நினைவு தெளிந்து, கண்ணாடிக்காரர் முதன்முதலாகத் தன் கையைத் தூக்கிப் பார்த்தபோது டீச்சர் பக்கத்தில்தான் இருந்தாள். கரிக்கட்டைகள்போல நீட்டிக்கொண்டிருந்தவை தன்னுடையவைதானா என்று சந்தேகப்படுபவர்போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். குரல் கரகரத்தது.

"எவ்வளவு போகும்?"

"இடது கையில கட்டை விரலைத் தவிர நாலும் பாதி. வலது கையில ரெண்டு விரல் நுனி."

"கால்ல?"

"எல்லா விரலும்."

கையை மெல்ல மெத்தையில் இறக்கினார். "நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை, அவள்தான் துடைத்துவிட்டாள்.

"நான் அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும்ங்க."

"பொய் சொன்னது நான். நீ எதுக்கு?"

"பக்கத்துலதானே நின்னேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப்போட்டுக் கிடந்த நாட்களில் அவர் நாயைப் பற்றிக் கேட்டார். "சோம்பேறி எப்படி இருக்கான்? காதுப் புண் ஆறிடுச்சா?" எதிர்வீட்டில் இருக்கிறது என்று அவள் சொன்னாள். இரண்டாம் முறை கேட்டபோதும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அண்ணன் அறையில் இருந்தார். அவர்தான் சொன்னார், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, எல்லாவற்றையும், குவாரிப் பாதையையும்.

கண்ணாடிக்காரர் கட்டுப்போட்ட கைகளை மார்பின்மேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு ஒரு கண்ணுதான்ணே தெரியும்."

"தெரியும்டா."

"கல்லு ஏத்தற லாரி போற பாதை அது."

"அடிக்கணும்னா அடிச்சுடுடா," என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அந்தக் கட்டுகளைப் பார்த்தார். அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். டீச்சர் அவரை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. தம்பி மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சற்றுப் பொறுத்து, "தண்ணி குடுண்ணே" என்றார். அண்ணன் கோப்பையைப் பிடித்து அவர் வாயில் புகட்டினார். அதற்குப் பிறகு அந்த நாயின் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்பு டாக்டரம்மா, போடாமல் விட்ட தடுப்பூசிகளை ஒவ்வொன்றாகப் போட ஏற்பாடு செய்தாள். மண்ணீரல் இல்லாதவர் என்று அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்து எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு டப்பா மாத்திரையையும் கொடுத்தாள். காய்ச்சல் என்று தெரிந்த அந்த நிமிஷமே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். சளிக் காய்ச்சலா, வேறா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணக் கூடாது. டீச்சர் அதை டாக்டரம்மாவின் வாயாலேயே இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நடக்கப் பழக வேண்டியிருந்தது. கால் விரல்கள் இல்லாமல் உடம்பு முன்னால் சாய்ந்தது. முன்பக்கம் பஞ்சு திணித்த பூட்ஸ் செய்துகொடுத்தார்கள். சட்டைப் பொத்தானை டீச்சர் போட்டுவிட்டாள். கரண்டியின் பிடியில் தடித்த ரப்பர் சுற்றி வலது கையில் பிடித்துச் சாப்பிட்டார். கடைக்கு வருகிறவர்கள் முதலில் அவர் கையைப் பார்ப்பார்கள். உடனே பார்க்காததுபோலக் கூரையைப் பார்ப்பார்கள். "மேல ஒண்ணும் இல்ல, அளவைச் சொல்லுங்க" என்பார் அவர்.

கண்ணாடி வெட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கை அளவுகோலை அசையாமல் அழுத்த, இன்னொரு கை கட்டரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கோடு கெட்டுவிடும். வலது கையில் மிச்சமிருந்த விரல்களால் அவர் கட்டரைப் பிடித்துவிட்டார், பல நாள் பாடுபட்டு. இடது கையால் அளவுகோலை அழுத்த முடியவில்லை, நழுவியது. பள்ளி முடிந்து வந்து டீச்சர் அழுத்திக் கொடுத்தாள். முதலில் பாதிக்குப் பாதி உடைந்தன. "மூச்சு விடாதே" என்று அதட்டினார். அவரிடமிருந்து அப்படியொரு குரலை அவள் கேட்டதில்லை. ஒருநாள் பலகை கோணலாக உடைந்தபோது அந்தத் துண்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். அவள் மண்டிபோட்டு ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினாள். விரலில் கீறி ரத்தம் வந்ததை அவருக்குக் காட்டாமல் முந்தானையில் மறைத்துக்கொண்டாள். சின்ன வேலைகள் மட்டும் எடுத்தார்கள்: படச்சட்டம், அலமாரிக் கதவு. கடை முகப்புகளும் பெரிய ஜன்னல்களும் வேறு இடத்துக்குப் போய்விட்டன.

சில வேளை அவள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் கண்முன் வரும். கையில என்ன காயம் என்ற கேள்வி. நாய் கடிச்சுது டாக்டர் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். மூன்றே சொற்கள். சொல்லியிருந்தால் டாக்டர் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருப்பாராம். அப்படித்தான் டாக்டரம்மா சொன்னாள். ஆனால் அந்த மாத்திரையிலேயே நோய் நின்றிருக்குமோ என்று யாரிடமும் அவள் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு பிற்பகலில் அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை லேசாக நடுங்கியது.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல. காத்து சில்லுன்னு வருது."

அவள் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டாள். கோப்பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். "மாமா!" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அண்ணன் இப்போதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும்போதும் வண்டிச் சாவியைப் பையிலேயே வைத்திருந்தார். செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அட்டையைக் காட்டியதும் வரிசையைத் தாண்டி உள்ளே விட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், உடம்பு முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தார்கள். டீச்சரும் அண்ணனும் அதே பழைய பெஞ்சில், இந்தத் தடவை ஒரே பக்கத்தில், உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்திருந்தவர் ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு, சாதாரணச் சளிக் காய்ச்சல்தான், கவலை வேண்டாம், ஆனால் வந்தது ரொம்பச் சரி, அடுத்த தடவையும் இப்படியே வாருங்கள் என்றார்.

அடுத்த தடவை என்றார் அவர், சாதாரணமாக.

திரும்பி வரும்போது தூறல். அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டினார். பின் சீட்டில் கண்ணாடிக்காரர் சால்வைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

"ஒரு தும்மலுக்கு மூணு டாக்டர்," என்றார். "ராஜாவுக்குக்கூட இந்த மரியாதை கிடையாது டீச்சர்."

"பேசாம வாங்க."

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும்."

அவர் ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். சூடு இல்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தெரு திரும்புவதற்குள் மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.